குப்பை போகும் வழி: சிங்கப்பூரில் ஐந்து நாள்

நாள் 1: தோ பாயோ, குழாய்வாயில்

குப்பை எரிக்கும் ஆலையைப் பார்க்க வருகிறவர்கள் நேரே ஆலைகள் இருக்கும் துவாசுக்குப் போய்விடக் கூடாது. உலைக்குள் என்ன நடக்கும் என்பதில் பாதி வீட்டுச் சமையலறையிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே முதல் நாள் தோ பாயோ வட்டாரத்தின் பழைய வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளுக்கு.

இந்த வீடுகளின் சமையலறைச் சுவரில் ஓர் இரும்புக் கதவு இருக்கும். இழுத்துத் திறந்து பையைப் போட்டால், செங்குத்துக் குழாய் வழியே அது கீழ்த்தளத் தொட்டியில் போய் விழும். 1989க்குப் பின் வந்த புளோக்குகளில் இந்தக் கதவு வீட்டுக்கு வெளியே, மாடிக்குப் பொதுவாக இருக்கிறது. புதிய குடியிருப்புகள் சிலவற்றில் காற்றுக்குழாய் முறை வந்துவிட்டது. அடியிலுள்ள வால்வு திறந்ததும், பை மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் நிலத்தடிக் குழாயில் உறிஞ்சப்பட்டு ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும். குடைக்கம்பி, துடைப்பக்கட்டை, துணி மாட்டும் கம்பி மாதிரி நீளமும் விறைப்புமான பொருள்கள்தான் இந்தக் குழாய்க்கு எதிரி. வளைவில் ஒன்று குறுக்கே நின்றால் அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று அடைத்துக்கொள்ளும்.

பைக்குள் இருப்பதைப் பார்ப்போம். சோறு, மீன் குழம்பின் மிச்சம், தர்பூசணித் தோல், டிஷ்யூ, உணவு வாங்கிவந்த நெகிழிப் பெட்டி. எடையில் பெரும்பங்கு தண்ணீர். எரிப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: ஒரு கிலோ குப்பையில் எத்தனை கிலோகலோரி வெப்பம் இருக்கிறது? காய்ந்த காகிதத்தில் ஏறக்குறைய 4,000. பால் கவர் செய்யும் பாலிதீனில் 10,000க்கு மேல். தண்ணீரில் ஒன்றும் இல்லை. அதோடு ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 600 கிலோகலோரிக்குச் சற்று மேல் செலவாகும். வெளி எரிபொருள் ஊற்றாமல் உலை தானாக எரிய, கலந்த குப்பையில் கிலோவுக்கு 1,500 கிலோகலோரியாவது வேண்டும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளும், 1,500ம் அதற்கு மேலும் உள்ள கழிவைப் புதைக்காமல் ஆற்றலுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று இதே எண்ணைத்தான் கூறின.

இந்த எண்ணைத் தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி திமார்பூர் சாட்சி. 1987இல் டென்மார்க் இயந்திரங்களைக் கொண்டு, நாளுக்கு 300 டன் எரித்து 3.75 மெகாவாட் எடுக்க அங்கே ஓர் ஆலை கட்டினார்கள். வடிவமைப்பில் எடுத்துக்கொண்ட வெப்பமதிப்பு 1,462 கிலோகலோரி. வந்து சேர்ந்த குப்பையிலோ அதில் பாதிகூட இல்லை. ஈரமும் தெருமண்ணும் மிகுந்திருந்தன. எரியக்கூடிய காகிதத்தையும் நெகிழியையும் பழைய பொருள் சேகரிப்போர் முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். 21 நாள் ஓடி, ஆலை நின்றுபோனது. அந்த இயந்திரங்கள் டென்மார்க் குப்பைக்காகச் செய்தவை, டெல்லிக் குப்பைக்காக அல்ல. நம் ஊரில் எங்கே எரியாலை பற்றிப் பேச்சு எழுந்தாலும், முதல் கேள்வி புகைபோக்கியின் உயரத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அந்த ஊர்க் குப்பையை மழைக்காலத்திலும் கோடையிலும் தனித்தனியாக மாதிரி எடுத்து, ஈரமும் வெப்பமதிப்பும் அளந்தார்களா என்றுதான் கேட்க வேண்டும்.

சிங்கப்பூர்க் குப்பையிலும் ஈரம் அதிகம்தான். ஆனால் குப்பையை நெகிழிப் பையில் கட்டிப் போடும் பழக்கமும், உணவுப் பொட்டலங்களின் நெகிழியும் வெப்பமதிப்பைத் தூக்கிவிடுகின்றன. மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் விழுவதிலும் ஏறக்குறைய 40 சதவீதம் உணவு எச்சம் பட்டுக் கெட்டுப்போய், கடைசியில் எரியாலைக்கே வந்து சேருகிறது.

நாள் 2: துவாஸ், குப்பைக்குழியும் இரும்புக் கையும்

கிழக்கு–மேற்கு ரயில் தடத்தின் மேற்குக் கோடி துவாஸ் லிங்க். அதற்கு அப்பால் கப்பல் பட்டறைகள், எண்ணெய்த் தொட்டிகள், எரியாலைகள். 1979இல் நாட்டின் முதல் எரியாலை உலு பாண்டானில் தொடங்கி 2009 வரை ஓடியது. பிறகு 1986இல் துவாஸ், 1992இல் செனோக்கோ, 2000இல் துவாஸ் தெற்கு, 2009இல் நாளுக்கு 800 டன் எரிக்கும் கெப்பல் சேகர்ஸ், அண்மையில் 3,600 டன் எரிக்கும் துவாஸ்ஒன். பெரும்பாலும் எல்லாம் இந்த மேற்கு மூலையில்தான். சாம்பலைப் படகில் ஏற்றக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

லாரி முதலில் எடைமேடையில் ஏறும். போகும்போதும் வரும்போதும் எடுக்கும் எடைகளின் வித்தியாசம்தான் கணக்கு. அடுத்து கொட்டும் கூடம். லாரி பின்னோக்கி வந்து தடுப்புக் கட்டையில் சக்கரம் முட்டி நின்ற பிறகே கதவு திறக்க வேண்டும். கதவுக்கு அப்பால் பல மாடி ஆழமுள்ள கான்கிரீட் குழி.

கூடத்தில் எதிர்பார்த்த நாற்றம் இல்லை. உலைக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து எடுக்காமல் இந்தக் குழியின் மேற்புறத்திலிருந்தே விசிறிகள் உறிஞ்சுகின்றன. அதனால் கூடத்தின் காற்று எப்போதும் உள்நோக்கியே ஓடுகிறது. நாற்றவாயு உலையில் எரிந்துபோகிறது. உலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் இந்த உறிஞ்சலும் நின்றுவிடும். அதனால்தான் பல உலை உள்ள ஆலையில் பராமரிப்பை ஒவ்வொன்றாக முறைவைத்துச் செய்வார்கள். கரித்தூள் வடிகட்டியோடு தனி விசிறியும் வைத்திருப்பார்கள்.

குழியின் மேலே ஆரஞ்சுச் சுளைகள் விரிவதைப் போல விரிந்து மூடும் இரும்புக் கை, கிரேனில் தொங்குகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அதை ஓட்டுபவர் வேலைதான் இந்த ஆலையிலேயே ஆகக் கடினமான வேலை என்பது எங்கள் முடிவு. குப்பையை எடுத்து உலைக்குப் போடுவது அதில் சிறு பங்கு. அள்ளி, உயரே தூக்கி, மெல்லத் திறந்து சிதறவிட்டு, மறுபடி அள்ளிக் கலந்துகொண்டே இருக்க வேண்டும். சந்தைக் காய்கறிக் கழிவு மட்டும் ஒரு பிடியாக உலைக்குப் போனால் வெப்பம் சரியும். அடுத்த பிடி முழுக்க நெகிழியாக இருந்தால் வெப்பம் குதித்தேறி, பாய்லரில் நீராவி அழுத்தம் ஏறும். நன்றாகக் கலந்த குப்பை நாள் முழுதும் ஒரே மாதிரி எரியும். மூன்று நான்கு நாள் குழியில் கிடந்த குப்பை, சாறு வடிந்து கொஞ்சம் காய்ந்தும் இருக்கும். வடிந்த சாறு அடியில் சேரும். அதை உலைக்குள் தெளித்து எரிப்பார்கள், அல்லது சுத்திகரிப்புக்கு அனுப்புவார்கள்.

குழியில் தீப்பிடிப்பது இந்தத் தொழிலின் பழைய பிரச்சினை. லித்தியம் பேட்டரி வந்த பின் அது இன்னும் மோசமாகிவிட்டது. பவர் பேங்க், மின்சிகரெட், பொம்மைக்குள் இருக்கும் பேட்டரி எதுவும் லாரியின் அழுத்தத்தில் நசுங்கியோ இரும்புக் கையில் குத்துப்பட்டோ சில மணி நேரம் கழித்துப் பற்றும். வெப்பக் கேமரா சூடான இடத்தைக் காட்டியதும், தீ சிறியதாக இருந்தால் அந்தப் பிடியை அப்படியே அள்ளி உலையின் வாயில் போட்டுவிடுவதே நல்ல வழி. பரவிவிட்டால் நீர்ப்பீரங்கி. ஆனால் அடித்த தண்ணீர் முழுவதும் குப்பையில் ஊறும். அடுத்த இரண்டு நாள் உலை தடுமாறும்.

நாள் 3: உலை, பாய்லர்

நேற்றைய இரும்புக் கை குப்பையைப் போடும் இடம் ஒரு பெரிய புனல். அதன் கீழ்க்குழாய் எப்போதும் குப்பையால் நிறைந்தே இருக்க வேண்டும். அந்தக் குப்பைத் தூண்தான் உலைக்கும் குழிக்கும் நடுவே காற்றை அடைக்கும் மூடி. கிரேன் தாமதித்துத் தூண் இறங்கிவிட்டால் தீ குழாயில் மேல்நோக்கி ஏறும். அதற்காகக் குழாயைச் சுற்றித் தண்ணீர் நிறைந்த ஓர் உறையும், அவசரத்துக்கு ஒரு மூடுகதவும் உண்டு. மெத்தை, கம்பளம், கயிற்றுச் சுருள் வந்தால் வேறு தொல்லை: குழாயில் பாலம் போல நின்றுகொள்ளும், கீழே வெற்றிடம் விழும். பெரிய சாமான்களைத் தனியாக வெட்டி நொறுக்கிய பிறகே குழியில் போடுவது இதனால்தான்.

அடியில் ஒரு ஹைட்ராலிக் தள்ளி, குப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வான எரிதட்டின்மேல் தள்ளுகிறது. எரிதட்டு என்பது குரோமியம் கலந்த வார்ப்பிரும்புச் சட்டங்கள் படிபடியாக அடுக்கிய தளம். ஒரு வரிசை நிற்கும், அடுத்த வரிசை முன்னும் பின்னும் நகரும். குப்பை புரண்டு புரண்டு இறங்கிக் கடைசி வரை போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் பகுதியில் ஈரம் ஆவியாகிறது. அடுத்ததில் குப்பை வாயுவை விட்டுப் பற்றுகிறது. நடுவில் கொழுந்து. கடைசியில் கரி மட்டும் கனன்று சாம்பலாகிறது. தட்டின் அடியிலிருந்து காற்று நான்கைந்து அறைகளாகப் பிரிந்து வருகிறது. ஒவ்வோர் அறைக்கும் தனி அளவு. ஈரக் குப்பை வந்தால் முதல் அறைக்குச் சூடேற்றிய காற்றைக் கூட்டுவார்கள், தள்ளியின் வேகத்தைக் குறைப்பார்கள். கொழுந்து தட்டின் கடைசிப் பகுதிக்கு நகர்ந்துவிட்டால், எரியாத கரி சாம்பலோடு விழுகிறது என்று பொருள்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். குளிர்பான டப்பாவும் உணவுத் தட்டும் உருகிச் சட்டங்களின் இடுக்கில் வழிந்து உறைந்து காற்றுத்துளைகளை அடைக்கின்றன. காற்று வராத சட்டம் சூடேறித் தேயும், கடைசியில் உடையும். ஆண்டு நிறுத்தத்தில் ஆட்கள் உள்ளே இறங்கி அதைச் செதுக்கி எடுக்கிறார்கள். அடைத்த எரிவாயு உருளை வந்தால் சட்டமே பெயர்ந்துவிடும்.

கொழுந்துக்கு மேலேதான் இரண்டாம் காற்று. சுவரின் துளைகள் வழியே வேகமாகப் பாய்ந்து, எரியாத வாயுக்களைக் கலக்கி எரிக்கிறது. இங்கே காக்க வேண்டிய விதி: கடைசியாகக் காற்று சேர்ந்த இடத்துக்குப் பிறகு, வாயு குறைந்தது 850 டிகிரியில் 2 விநாடி இருக்க வேண்டும். குளோரின் மிகுந்த அபாயக் கழிவு என்றால் 1,100 டிகிரி. வெப்பம், நேரம், கலக்கல் மூன்றும் கூடினால்தான் டையாக்சின் என்ற நஞ்சும் அதன் மூலப்பொருள்களும் சிதையும். வெப்பம் சரிந்தால் டீசல் பர்னர் தானாகப் பற்ற வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் முதலில் பார்க்க வேண்டிய எண் கார்பன் மோனாக்சைடு. அது திடீரென்று உயர்ந்தால் எங்கோ எரிப்பு முழுமையாக நடக்கவில்லை.

ஓர் எரியாலை ஆக அதிகமாக மாசு விடுவது தொடங்கும்போதும் நிறுத்தும்போதும்தான். குளிர்ந்த உலையின் செங்கல் பூச்சை அவசரமாகச் சூடேற்றினால் வெடித்துவிடும். டீசலில் மெல்ல மெல்ல ஏற்றி 850ஐத் தொட ஒரு நாளை நெருங்கும். அதற்கு முன் ஒரு பிடி குப்பைகூட உள்ளே போகக் கூடாது. எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிக்க இந்த விதியை மீறும் ஆலை, நல்ல வடிகட்டிகள் வைத்திருந்தும் பயனில்லை. குப்பை வரத்து போதாமல் அடிக்கடி நின்று ஓடும் ஆலைக்கும் இதே கதிதான். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் இடைவிடாமல் ஓடுவதுதான் நல்ல ஆலைக்கு அடையாளம்.

வெப்பம் பாய்லர் குழாய்களுக்குப் போகிறது. நிலக்கரி மின்நிலையத்தில் நீராவியை 540 டிகிரி வரை ஏற்றுவார்கள். இங்கே வழக்கம் 400 டிகிரி, 40 பார் அழுத்தம். காரணம் குளோரின். பிவிசி நெகிழியிலிருந்தும் உணவு உப்பிலிருந்தும் வரும் குளோரைடுகள் சாம்பலோடு குழாயில் ஒட்டி, உருகிய நிலையில் இரும்பைத் தின்கின்றன. குழாயின் மேற்பரப்பு சூடேற ஏற அரிப்பு கூடுகிறது. உலையை ஒட்டிய சுவர்க்குழாய்களுக்கு நிக்கல்–குரோமியக் கலவையைப் பற்றவைத்து மேல்பூச்சாக இடுகிறார்கள். வாயுவை வெற்று அறைகளில் மேலும் கீழும் ஓடவிட்டு, 650 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் நீராவியை மேலும் சூடேற்றும் குழாய்களைத் தொட விடுகிறார்கள். அதற்கு மேல் சாம்பல் பசையாக ஒட்டும். இந்தக் கட்டுப்பாடுகளால் குப்பையின் வெப்பத்தில் நாலில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. டன்னுக்கு 500, 600 யூனிட் என்பது பொதுவான அளவு. துவாஸ்ஒன் 120 மெகாவாட். நாள் முழுதும் அதே அளவில் ஓடினால் டன்னுக்கு 800 யூனிட் வரும். சிங்கப்பூரின் மின்தேவையில் எல்லா எரியாலைகளும் சேர்ந்து கொடுப்பது 2, 3 சதவீதம்தான். மின்சாரத்துக்காக எவரும் எரியாலை கட்டுவதில்லை. ஒரு டன் குப்பை எரிந்தால் ஏறக்குறைய ஒரு டன் கரியமில வாயு வெளியேறும் என்பதையும் இங்கேயே எழுதிவிட வேண்டும்.

நாள் 4: புகை

கட்டடத்தில் உலைக்கு ஆகும் இடத்தைவிடப் புகையைச் சுத்தம் செய்ய ஆகும் இடம் அதிகம். செலவும் அப்படித்தான்.

850 டிகிரியில் சிதைந்த டையாக்சின் மறுபடி பிறக்கும் இடம் ஒன்று உண்டு. வாயு குளிரும்போது, 450 முதல் 200 டிகிரி வரையான இடைவெளியில், சாம்பலிலுள்ள கரியும் குளோரினும் சேர்ந்து, செம்புத் துகள் ஊக்கியாக, அதை மறுபடி உண்டாக்குகின்றன. ஆகவே அந்த இடைவெளியை வாயு விரைவாகக் கடக்க வேண்டும், குழாய்களில் சாம்பல் படிந்து கிடக்கக் கூடாது. பழைய ஆலைகளில் தூசு பிடிக்கும் மின்படிவிகள் 300 டிகிரியை ஒட்டி ஓடியபோது, அவற்றுக்குள்ளேயே டையாக்சின் உருவானது. தூசைப் பிடித்த கருவியே நஞ்சையும் செய்துகொடுத்தது.

இப்போதைய வரிசை இப்படி. நைட்ரஜன் ஆக்சைடுக்கு அம்மோனியா அல்லது யூரியாக் கரைசலை உலையின் மேற்பகுதியில், 850க்கும் 1,050க்கும் நடுவே தெளிக்கிறார்கள். அதைவிடச் சூடாக இருந்தால் அம்மோனியாவே எரிந்து இன்னும் நைட்ரஜன் ஆக்சைடு ஆகும். குளிராக இருந்தால் வினைபுரியாமல் நழுவும். பாய்லரை விட்டு வரும் வாயுவில் நீறிய சுண்ணாம்புத் தூள், டன் குப்பைக்குப் பத்துப் பதினைந்து கிலோ. அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கந்தக டையாக்சைடையும் பிடிக்கும். அதோடு ஆக்டிவேட்டட் கார்பன் என்ற நுண்துளைக் கரித்தூள், டன்னுக்கு ஒரு கிலோவோ அதற்கும் குறைவோ. இது பாதரசத்துக்கும் டையாக்சினுக்கும். பழைய டியூப் லைட்டும் பட்டன் பேட்டரியும் குப்பையில் போனால் பாதரச அளவு அன்றைக்கே காட்டிக்கொடுக்கும்.

பிறகு துணிப்பை வடிகட்டி: ஆறேழு மீட்டர் நீளமுள்ள பைகள் நூற்றுக்கணக்கில் வரிசையாகத் தொங்கும் அறை. பையின் வெளிப்புறத்தில் படியும் சுண்ணாம்பும் கரியும் சேர்ந்த மெல்லிய படலம்தான் உண்மையில் வடிகட்டுகிறது. துணி அதற்குத் தாங்குகோல். அழுத்த வேறுபாடு ஏறியதும், அழுத்தக் காற்றை ஒரு நொடிக்கும் குறைவாக ஊதிப் படலத்தை உதிர்ப்பார்கள். அடிக்கடி ஊதினால் பை வெறுமையாகித் தூசு ஊடுருவும். வெப்பம் 140 முதல் 180 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு ஈரத்தை இழுத்துப் பசையாகி, பைகள் சிமென்ட் பூசியது போலாகிவிடும். மிகச் சூடானால் துணி கெடும், அடிப்பெட்டியில் கரித்தூள் கனல ஆரம்பிக்கும்.

ஒரு பை கிழிந்தால் எப்படித் தெரியும்? ஊதும் ஒவ்வொரு முறையும் புகைபோக்கியின் தூசு அளவியில் ஒரு முள் எழும். எந்த வரிசை ஊதும்போது முள் எழுகிறது என்று பார்த்து அறையைப் பிரித்துவிடலாம். கிழிந்த பையைத் தனியே கண்டுபிடிக்க, ஒளிரும் தூளை உள்ளே விட்டு, புற ஊதா விளக்கோடு சுத்தப் பக்கத்தில் இறங்கிப் பார்ப்பார்கள்.

கடைசியில் உறிஞ்சும் பெருவிசிறி. உலை முதல் இங்கு வரை முழு வழியையும் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தத்தில் அதுதான் வைத்திருக்கிறது. டையாக்சினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் வகுத்த வரம்பு, ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம், இந்தியாவின் 2016 விதிகளும் அதையே கூறின. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. கார்பன் மோனாக்சைடும் தூசும் நொடிக்கு நொடி திரையில் தெரியும். டையாக்சின் அப்படித் தெரியாது. பல மணி நேரம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியாக வேண்டும். மாதிரி எடுக்கும் நாளில் உலை எப்படி ஓடியது என்ற பதிவையும் சேர்த்துக் கேட்காத ஆய்வறிக்கை அரைகுறைதான்.

நாள் 5: சாம்பல், செமக்காவ்

எரிந்தபின் குப்பையின் பருமன் பத்தில் ஒன்றாகிறது. எடை அப்படிக் குறைவதில்லை. நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். தட்டின் முடிவில் விழும் அடிச்சாம்பல் தண்ணீர்த் தொட்டியில் அணைகிறது. அந்தத் தண்ணீரே உலையின் அடிப்புறத்தை வெளிக்காற்று புகாமல் அடைக்கிறது. காந்தம் இரும்பை எடுக்கும். சுழல்மின்னோட்டப் பிரிப்பான் அலுமினியத்தையும் செம்பையும் தெறிக்கவிடும். துவாசில் 2015 முதல் இதற்கென்றே தனி ஆலை ஓடுகிறது.

வடிகட்டியில் சேரும் பறக்கும் சாம்பல் குப்பையின் எடையில் 2 முதல் 4 சதவீதம்தான். ஆனால் ஈயம், காட்மியம், துத்தநாகம், டையாக்சின் எல்லாம் குவிந்திருப்பது அதில்தான். வடிகட்டி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு இந்தச் சாம்பல் நஞ்சாகும். புகையிலிருந்து எடுத்தது எங்கோ இருந்தாக வேண்டுமே. சிமென்டும் உலோகத்தைப் பிணைக்கும் வேதிப்பொருளும் கலந்து கட்டியாக்குவது பரவலான முறை. ஜெர்மனி கைவிட்ட உப்புச் சுரங்கங்களில் அடுக்குகிறது.

சிங்கப்பூரில் சாம்பல் துவாஸ் துறையில் மூடிய படகில் ஏறி, இழுபடகின் பின்னால் இரவில் தெற்கே செமக்காவுக்குப் போகிறது. லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு 1999 மார்ச் 31இல் மூடப்பட்டது. மறுநாள் செமக்காவ் தொடங்கியது. செமக்காவ், சாக்கேங் என்ற இரு தீவுகளுக்கு நடுவே 7 கிலோமீட்டர் கல்வரப்புக் கட்டிக் கடலையே அடைத்த இடம்: 350 ஹெக்டேர், கொள்ளளவு 6 கோடியே 30 லட்சம் கனமீட்டர், கட்டுமானச் செலவு 61 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). வரப்பின் உட்புறம் நீர்புகா விரிப்பும் கடற்களிமண்ணும். முதல் கட்டத்தில் அதை 11 பாத்திகளாகப் பிரித்தார்கள். ஒரு பாத்தியில் சாம்பலைக் கொட்டிக் கடல்மட்டத்துக்கு மேல் வந்ததும் மண் மூடுகிறார்கள். பிறகு புல் தானாகப் பிடித்துக்கொள்கிறது. வரப்புக் கட்டும்போது அழிந்த சதுப்பு மரங்களுக்கு ஈடாக 13.6 ஹெக்டேரில் கன்றுகள் நட்டார்கள். அந்தக் கன்றுகள் வரப்பின் கசிவைக் காட்டும் காவலும்கூட. உலோகம் கசிந்தால் முதலில் வாடுவது அவைதான்.

2045 வரை போதும் என்று கணக்கிட்ட இடம் 2035ஆம் ஆண்டு வாக்கிலேயே நிறைந்துவிடும் என்பது இப்போதைய மதிப்பீடு. 2020இல் கட்டுமானம் தொடங்கிய துவாஸ் நெக்சஸ் என்ற கழிவு வளாகம் நாளுக்கு 5,800 டன் எரிக்கும்படி வடிவமைத்தது; அதோடு தனியே பிரித்துத் தரும் உணவுக் கழிவு 400 டன்னை, கழிவுநீர்ச் சேற்றோடு நொதிக்கவைக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். தோ பாயோவில் பார்த்த ஈரம் உலைக்குப் போகாமல் அங்கே திரும்ப வேண்டும். அதற்கு முதலில் வீட்டில் வேறு பை வேண்டும்.

சாம்பலையே குறைக்கும் வழி, அடிச்சாம்பலைக் கட்டுமானத்தில் மணலுக்குப் பதிலாகப் பயன்படுத்துவது. தானா மேரா கோஸ்ட் ரோட்டில் சாலையின் அடித்தளமாக இட்டுச் சோதித்திருக்கிறார்கள். புதிதாக அணைத்த சாம்பலில் காரம் மிகுதி. காரத்தில் ஈயம் கரைந்து கசியும். காற்றுப் படும்படி சில வாரம், சில மாதம் குவித்துவைத்தால், கரியமில வாயுவை உறிஞ்சிக் காரம் தணிகிறது, கசிவும் குறைகிறது. சாலையின் ஓரத்து நிலத்தடி நீரில் ஈயமும் செம்பும் எவ்வளவு என்று பல ஆண்டு தொடர்ந்து அளக்க வேண்டும். தார் போட்ட அன்று எடுத்த ஒரே அளவு போதாது.